வெற்றிலை காய்கறியா?

"காய்கறி வாங்கிட்டு வாடா" என்று பையைக் கொடுத்து அனுப்பினால், ஒரு கவுளி வெற்றிலையோடு வந்து நிற்கிற பையனை வீட்டில் என்ன சொல்வார்கள்? அடிக்காவிட்டாலும் ஏற இறங்க ஒரு பார்வையாவது பார்ப்பார்கள். ஆனால் "வெற்றிலை காய்கறிதான்" என்று ஒரு வியாபாரி உச்சநீதிமன்றம் வரை போய் வாதாடியிருக்கிறார். நீதிபதிகளும் சிரிக்காமல் கேட்டு, யோசித்து, 1961-ல் தீர்ப்பு எழுதினார்கள்.

இன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிற அகோலா என்ற ஊர்தான் வழக்கு பிறந்த இடம். அங்கே வெற்றிலை விற்றுவந்தவரிடம் விற்பனை வரி அதிகாரி வரி கேட்டார். மத்திய மாகாணம் மற்றும் பெரார் விற்பனை வரிச் சட்டம், 1947. அந்தச் சட்டத்தில் வரி கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் 'வெஜிடபிள்ஸ்' என்ற வார்த்தையும் இருந்தது. வியாபாரி அகராதியைப் பிடித்துக்கொண்டார். ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்குத் தாவரம், செடிகொடி சார்ந்தது என்றும் ஒரு பொருள் உண்டு. வெற்றிலை கொடியில்தானே காய்க்கிறது, மன்னிக்கவும், துளிர்க்கிறது? அப்புறம் என்ன வரி?

நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. தாவரவியல் படித்தவர் சொல்கிற பொருள் இங்கே வேண்டாம், சாதாரண மக்கள் பேச்சில் என்ன பொருளோ அதுதான் வேண்டும் என்றது. வீட்டுத் தோட்டத்தில் விளைந்து சாப்பாட்டுக்கு வருவதைத்தான் ஜனங்கள் காய்கறி என்பார்கள், வெற்றிலையை அப்படி யாரும் சொல்வதில்லை. ஆக, வரி கட்டு.

பலரும் இந்தத் தீர்ப்பை இத்தோடு சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அதில் இதைவிட வலுவான காரணம் இன்னொன்று இருக்கிறது. ஆரம்பத்தில் அதே பட்டியலில் 'வெற்றிலை' என்று தனியாகவே ஒரு வரி இருந்தது. 1948-ல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். காய்கறிக்குள் வெற்றிலை அடக்கம் என்றால் எதற்குத் தனியாக எழுத வேண்டும்? எழுதியதை எதற்கு அடிக்க வேண்டும்? சட்டம் எழுதியவர்களே வெற்றிலையைக் காய்கறியாக நினைக்கவில்லை என்பதற்கு அடித்த கோடே சாட்சி. பேச்சுவழக்கு என்ற பெரிய தத்துவம் வராமலே வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் பின்னால் வந்த வழக்குகளில் எல்லாரும் எடுத்துக்கொண்டது தத்துவத்தைத்தான்.

கீழ்க்கோர்ட்டுக்கும் மேல்கோர்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கீழே நடப்பது 'என்ன நடந்தது' என்ற சண்டை. யார் குத்தினான், யார் பார்த்தார், ரசீது எங்கே. மேலே போகப் போக அந்தச் சண்டை ஓய்ந்துவிடும். வெற்றிலை விற்றதை அகோலா வியாபாரி மறுக்கவே இல்லை. மிச்சம் இருப்பது ஒரு வார்த்தை. அந்த ஒற்றை வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கமும் கோட்டுப் போட்ட வக்கீல்கள் நாள்கணக்கில் பேசுவார்கள்.

இதில் நமக்கெல்லாம் முன்னோடி அமெரிக்கர்கள். 1893-ல் அவர்கள் உச்சநீதிமன்றம் தக்காளி பழமா காய்கறியா என்று தீர்மானித்தது. 1883-ஆம் வருஷத்து இறக்குமதி வரிச் சட்டப்படி காய்கறிக்கு 10 சதவீதம் வரி, பழத்துக்கு இல்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி கொண்டுவந்த நிக்ஸ் என்ற வியாபாரி, நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அதிகாரி ஹெட்டன் மேல் வழக்குப் போட்டார். விசாரணையில் நடந்தது கிட்டத்தட்ட நாடகம். வியாபாரியின் வக்கீல் எழுந்து அகராதியில் 'பழம்', 'காய்கறி', 'தக்காளி' என்ற சொற்களுக்கான விளக்கத்தை வாசித்தார். அரசு வக்கீல் எழுந்து 'பட்டாணி', 'கத்தரிக்காய்', 'வெள்ளரி', 'மிளகாய்' என்று வாசித்தார் (விதை உள்ளதெல்லாம் பழம் என்றால் இதெல்லாம் என்ன என்று அர்த்தம்). உடனே இவர் திரும்ப எழுந்து 'உருளைக்கிழங்கு', 'முட்டைக்கோஸ்', 'கேரட்' என்று வாசித்தார். சந்தைக்கடை தோற்றது.

தாவரவியல்படி தக்காளி பழம்தான், அதில் சந்தேகமே இல்லை என்று நீதிபதி கிரே ஒத்துக்கொண்டார். ஆனால் சாப்பாட்டு மேஜையில் சூப்போடும் மீனோடும் இறைச்சியோடும் வருகிறதே தவிர, கடைசியில் இனிப்பாக வருவதில்லையே. எனவே காய்கறி. நிக்ஸ் தோற்றார்.

கனடாவில் 1951-ல் இன்னும் அழகாகக் கேட்டார்கள். உப்புப் போட்ட வேர்க்கடலையும் முந்திரியும் பழமா, காய்கறியா என்பது வழக்கு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பழமோ காய்கறியோ வாங்கி வரச் சொன்னால் ஒரு குடும்பஸ்தர் உப்புக்கடலை வாங்கி வருவாரா என்று நீதிபதி கேட்டார். அவரே 'மாட்டார்' என்று பதிலும் சொன்னார். பை கொடுத்து அனுப்புகிற பரீட்சை ஊருக்கு ஊர் ஒன்றுதான் போலிருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தப் பரீட்சையில் வரிசையாகப் பலர் உட்கார்ந்தார்கள். கரும்பு பச்சைக் காய்கறி இல்லை (1962). பச்சை இஞ்சி காய்கறிதான் (1977). எல்லாமே சரியான விடைகள் மாதிரித்தான் தெரிகிறது. ஆனாலும் ஒரு நெருடல். சாதாரண மனிதன் எப்படிப் பேசுவான் என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? சாதாரண மனிதனை யாரும் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை. நீதிபதி தன் மனசுக்குள் ஒருவனை நிறுத்தி அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். அவன் சொல்கிற பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வில்லங்கம் பதிலில் இல்லை, கேள்வியில். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு வந்துவிடுகிறது.

வரி வழக்கில் இதனால் யாருக்கோ கொஞ்சம் பணம் போகும், அவ்வளவுதான். 1993-ல் அமெரிக்காவில் ஸ்மித் என்பவருக்குப் போனது அதைவிடப் பெரிய கணக்கு. கொக்கைன் வாங்குவதற்குப் பதிலாகத் தன் இயந்திரத் துப்பாக்கியைத் தருவதாக ஒருவரிடம் பேரம் பேசினார். அந்த ஒருவர் மாறுவேடத்தில் இருந்த போலீஸ். போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியைப் 'பயன்படுத்தினால்' கூடுதலாக 5 வருஷம், இயந்திரத் துப்பாக்கியானால் 30 வருஷம் என்பது அங்கே சட்டம். ஸ்மித் யாரையும் சுடவில்லை, குறி பார்க்கவில்லை, காட்டி மிரட்டவும் இல்லை. காசுக்குப் பதிலாக நீட்டினார். இது 'பயன்படுத்துவது' ஆகுமா?

ஆகும் என்றார்கள் ஆறு நீதிபதிகள். அகராதிப்படி, ஒன்றைத் தன் காரியத்துக்கு உபயோகித்துக்கொள்வதெல்லாம் பயன்படுத்துவதுதான். மூன்று பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஸ்காலியா ஒரு கைத்தடியை எடுத்துக்கொண்டார். 'நீங்கள் கைத்தடி பயன்படுத்துகிறீர்களா?' என்று ஒருவரிடம் கேட்டால், தாத்தாவின் வெள்ளிப்பூண் போட்ட தடியைக் கூடத்தில் அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறாரா என்றா கேட்கிறோம்? ஊன்றி நடக்கிறாரா என்றல்லவா கேட்கிறோம்! துப்பாக்கியைப் பயன்படுத்துவது என்றால் துப்பாக்கியாகப் பயன்படுத்துவது என்பது அவர் கட்சி.

சரி, தோற்றது தோற்றதுதான். ஆனால் கதை 2007-ல் திரும்பி வருகிறது. இந்த முறை ஆள் வாட்சன். இவர் போதைப்பொருளைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். ஸ்மித் செய்ததன் மறுபக்கம். துப்பாக்கியை வாங்கியவரும் அதைப் 'பயன்படுத்தினார்' என்று அரசு வாதாடியது. ஒன்பது பேரும் ஒருமனதாக இல்லை என்றார்கள். ஒரு பையன் ஆப்பிளைக் கொடுத்துத் தின்பண்டம் ஒன்றை வாங்கினால், ஆப்பிளைப் பயன்படுத்தினான் என்று சொல்லலாம், தின்பண்டத்தைப் பயன்படுத்தினான் என்று யார் சொல்வார் என்று கேட்டார் தீர்ப்பை எழுதிய சூட்டர். இவர் 1993-ல் ஸ்காலியா பக்கம் நின்றவர்! ஒரே மாதிரிப் பேரம், ஒரே வார்த்தை. கொடுத்தவனுக்கு 30 வருஷம், வாங்கியவனுக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. முதல் தீர்ப்பையே தூக்கிப் போட்டுவிடலாம் என்று நீதிபதி கின்ஸ்பர்க் தனியாக எழுதிப் பார்த்தார். மற்றவர்கள் தொடவில்லை.

அகராதி மட்டும் போதாது என்கிறபோது இன்னொரு வழி உண்டு. வார்த்தையை அதன் அக்கம்பக்கத்தை வைத்து அடையாளம் காண்பது. அளவு குறைந்த மீன்களைப் பிடித்த ஒரு படகுக்காரர், அதிகாரி பார்த்த பிறகு அவற்றைக் கடலில் போடச் சொன்னார் என்பது 2015-ல் முடிந்த ஓர் அமெரிக்க வழக்கு. என்ரான் ஊழலுக்குப் பிறகு, கம்பெனிகள் காகிதங்களைக் கிழித்துப் போடாமல் இருக்க 2002-ல் ஒரு சட்டம் வந்தது. 'பதிவேடு, ஆவணம் அல்லது தொட்டுணரக்கூடிய பொருள்' எதையும் அழிக்கக் கூடாது. மீன் தொட்டுணரக்கூடிய பொருள்தானே? படகுக்காரர் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டார். பதிவேட்டுக்கும் ஆவணத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற 'பொருள்' மீனாக இருக்க முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் தப்பித்தார். மறுத்து எழுதிய நீதிபதி கேகன், மீன் ஒரு பொருள் என்பதற்கு ஆதாரமாக டாக்டர் சூஸின் குழந்தைகள் புத்தகத்தைக் காட்டினார். நீதிபதிகளுக்கும் பொழுது போக வேண்டும் :)

நம்மூர் சமையலறைக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் தலைக்கா, தாளிக்கவா? கேரளத்தில் கேட்டால் ஒரு பதில், மதுரைப் பக்கம் கேட்டால் இன்னொரு பதில், நாகர்கோவிலில் கேட்டால் இரண்டும். இதே கேள்வியைச் சேலம் மத்திய கலால் ஆணையர் உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். சின்ன பாட்டிலிலும் பாக்கெட்டிலும் விற்கிற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் தைலமா? தைலம் என்றால் வரி அதிகம். 2018-ல் இரண்டு நீதிபதிகள் கேட்டு, ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ரஞ்சன் கோகோய் சமையல் எண்ணெய் என்றார், பானுமதி கூந்தல் எண்ணெய் என்றார். பிறகு மூன்று பேர் அமர்வு உட்கார்ந்து 2024 டிசம்பரில் முடித்துவைத்தது. தேங்காய் எண்ணெய் என்று பட்டியலில் நேராகவே ஒரு தலைப்பு இருக்கும்போது, பாட்டில் சின்னதாக இருப்பதால் மட்டும் அது கூந்தலுக்குப் போய்விடாது. கூந்தல் எண்ணெய் என்று லேபிளிலோ வேறு வகையிலோ சொல்லி விற்றால்தான் அந்தக் கணக்கு. சமையல் எண்ணெயையே ஒருவர் பணவசதி பார்த்தோ ஆரோக்கியம் பார்த்தோ கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம் அல்லவா என்றும் கேட்டது. அந்தக் கேள்வி கேட்டவர் மளிகைக்கடையைப் பார்த்திருக்கிறார். (2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் கூந்தல் எண்ணெய்க்கும் 5 சதவீதம்தான், சமையல் தேங்காய் எண்ணெய்க்கும் அதே 5 சதவீதம்தான். இத்தனை வருஷம் சண்டை போட்ட வித்தியாசம் அதோடு போச்சு.)

மக்கள் பேச்சு என்கிறார்களே, எந்த மக்கள், எந்தப் பேச்சு? அகோலா சந்தையில் 'வெஜிடபிள்' என்று கேட்டு யார் வாங்கியிருப்பார்கள்? அது ஆங்கிலச் சட்டத்தின் வார்த்தை. அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி உச்சநீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஒரு மாநிலம் தன் மொழியில் சட்டம் போட்டாலும், அரசிதழில் வருகிற ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமான வாசகம். அதனால் நடப்பது இதுதான்: ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் பேசாத ஒருவன் அதை எப்படிப் புரிந்துகொள்வான் என்று கற்பனை செய்வது.

1967-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு வழக்கு. 'கோல்' என்றால் குறைந்த வரி. மரக்கரி விற்கிறவர் தன் சரக்கும் அதில் சேரும் என்றார். ஆங்கிலத்தில் பார்த்தால் பூமிக்கு அடியில் வெட்டுவதற்கு ஒரு பெயர், மரத்தை எரித்து எடுப்பதற்கு வேறு பெயர். ஆனால் வியாபாரியும் வாங்குகிறவரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள் என்று உச்சநீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு பொதுவாகத்தான் பேசுகிறது. ஆனால் அந்த ஊர்க்காரருக்கு ஹிந்தியில் இரண்டுமே 'கோயலா'. தமிழிலும் இரண்டுமே கரிதான், அடைமொழிதான் வேறு. ஆங்கில வார்த்தைக்குள் ஹிந்தி வார்த்தை சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்று சொன்னால் தப்பில்லை. அன்றைக்கு அது நியாயமாகவும் இருந்தது.

எப்போதும் அப்படி அமைவதில்லை. 2021 ஜனவரி 19 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. 2016 டிசம்பரில் நடந்த சம்பவம். கொய்யாப்பழம் தருவதாகச் சொல்லி 12 வயதுச் சிறுமியை வீட்டுக்குள் கூட்டிப்போய், உடைக்கு மேலாக மார்பை அழுத்தியிருக்கிறான் ஒருவன். விசாரணை நீதிமன்றம் போக்சோ சட்டத்தின்படி 3 வருஷம் கொடுத்தது. மேல்முறையீட்டில், நடந்ததைப் பற்றி உயர்நீதிமன்றம் சந்தேகப்படவில்லை. திரும்பவும் அதே இடம்தான்: ஒரு வார்த்தை. சட்டத்தின் 7-ஆவது பிரிவில் பாலியல் நோக்கத்தோடு 'தொடுவது' என்றும் 'உடல் தொடர்பு' என்றும் இருக்கிறது. உடல் தொடர்பு என்றால் தோலோடு தோல் படவேண்டும், இங்கே நடுவில் துணி இருந்தது, எனவே இது அந்தப் பிரிவின்கீழ் வராது என்று தீர்ப்பு. தண்டனை கடுமையாக இருப்பதால் சான்றும் கடுமையாக வேண்டும் என்பது காரணம். போக்சோவில் விடுவித்து, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-ஆவது பிரிவில் 1 வருஷம் ஆக்கினார்கள். இரண்டு பிரிவிலும் அதிகபட்சம் 5 வருஷம்தான். குறைந்தபட்சம்தான் ஒன்றில் 3, மற்றதில் 1.

குற்றவியல் சட்டத்தில் வார்த்தை சந்தேகமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது பழைய, நல்ல விதி. ஸ்மித்தும் அதைத்தான் கேட்டார், கிடைக்கவில்லை. ஆனால் அந்த விதிக்கு முதலில் சந்தேகம் என்று ஒன்று இருக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணிடமாவது 'சட்டைக்கு மேலே கை வைத்தால் தொட்டதாகுமா?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவருக்குத்தான் ஆபத்து. வெற்றிலைக்கு வைத்த பரீட்சையை இங்கே வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் விடை வந்திருக்கும். வரிச் சட்டத்தில் ஆவலோடு கூப்பிடுகிற அந்தச் சாதாரண மனிதனை இங்கே யாரும் கூப்பிடவில்லை.

எட்டே நாளில், ஜனவரி 27 அன்று, உச்சநீதிமன்றம் தடை போட்டது. அட்டர்னி ஜெனரலே மேல்முறையீடு செய்தார், தேசிய மகளிர் ஆணையமும் மகாராஷ்டிர அரசும் செய்தன. கையுறை மாட்டிக்கொண்டு ஒருவன் இதைச் செய்தால் தப்பிவிடுவானா என்று அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் கேட்டார். ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நவம்பர் 18 அன்று லலித், ரவீந்திர பட், பேலா திரிவேதி ஆகிய மூவரும் உயர்நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். அவர்களும் அகராதியைப் புரட்டினார்கள். ஆனால் அங்கே நிற்கவில்லை. குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்தை, அந்த நோக்கமே அழிந்துபோகிற மாதிரி வாசிக்க முடியாது, முக்கியம் பாலியல் நோக்கமே தவிர தோல் படுவதல்ல, இல்லாத சந்தேகத்தை நீதிமன்றமே உண்டாக்கிவிட்டு அதன் பலனைக் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

3 வருஷ தண்டனை திரும்ப வந்தது. உச்சநீதிமன்றம் 'தொடுவது' என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி முடித்த அன்று, அந்தச் சிறுமிக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்கும்.